ஹோரஸ் விட்டுப்போன சொல்

நவம்பரில் மோர்கம் ஊருக்கு
காற்றைத் தவிர வேறு விருந்தாளி இல்லை.
கடல்கூடக் கூப்பிடு தூரத்தில் இல்லை;
சேற்றை விரித்துப் போட்டுவிட்டு எங்கோ போயிருக்கிறது.
அந்த வாரக் கடைசியில்தான் நாங்கள் வருகிறோம்,
அறுபத்திரண்டு பேர், அறுபத்துநாலு யுகுலேலே.
(கெர்ஷா தம்பதிக்கு ஆளுக்கு ஒன்று போதாது.)

கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்.
தேநீர்க் கணக்கும் என்னிடம்தான்.
ஹோரஸ் என்ட்விசில் நினைவுக் கழகம்
என்று எழுதி அடிக்கோடிடும்போதெல்லாம்
அவர் பெயரின் வாலில் ஒரு விசில்
ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.
இருபது வருடமாகியும் அலுக்கவில்லை.

நூற்பாலையில் பாபின் பொறுக்கிய பையன்.
முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு பென்னி நுழையும்.
குரல் என்று சொல்ல ஒன்றுமில்லை.
தகரக் கூரையில் நடக்கும் கோழி என்று
ஏதோ ஒரு பத்திரிகை எழுதியது;
அந்த வரியை வெட்டித் தன் சுவரொட்டியிலேயே போட்டுக்கொண்டார்.
போர்க்காலத்தில், விளக்கணைத்த ஊர்களில்,
நாலு நரம்பை வைத்துக்கொண்டு
ரேஷன் சீட்டு கேட்காத ஒரே சரக்கை
வரிசையில் நிற்கவைக்காமல் கொடுத்தார்.

எங்களுக்கு வேதம் ஒரே ஒரு பாட்டு:
கேஸ் மீட்டர் கணக்கெடுக்க
வீடு வீடாகப் போகிறவனைப் பற்றியது.
தலை முதல் கால் வரை சிலேடை.
மூன்றாம் சரணத்தில், விதவை பிரிங்கிள்
மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நிற்க,
மாடிப்படிக்கு அடியில் மண்டியிடுகிறான்,
குனிகிறான்,
பார்க்கிறான், பார்த்தது —

அங்கே நிறுத்திவிடுவார்.
கூரையைப் பார்ப்பார்.
எதுகை வாசலில் செருப்போடு நிற்கும்,
உள்ளே வா என்று சொல்லமாட்டார்.
பிறகு நாலு நரம்பையும் ஒரே வாராக வாரி
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடுவார்.
வானொலியில் தடைசெய்தார்களாம்.
எதைத் தடைசெய்தோம் என்று கோப்பில் எழுத
அவர்களுக்கும் சொல் கிடைக்கவில்லையாம்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சொல் செத்துவிட்டது.
ஆலைத் தெருக்களோடு போன கொச்சை.
உள்பாவாடையின் ஒரு பாகம் என்கிறார் கெர்ஷா.
ஒருவகை மீன் என்கிறார்
ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஸ்பார்கோ.
போன வருடம் இதற்காகவே இருவரும்
வேறு வேறு மேசையில் சாப்பிட்டார்கள்.
ஆனாலும் மூன்றாம் சரணம் வந்ததும்
அறுபத்திரண்டு கைகள் நிற்கின்றன,
அறுபத்திரண்டு முகவாய்கள் உயர்கின்றன,
சிரிக்கிறோம்,
யாருடைய மாடிப்படிக்குக் கீழே
என்ன கிடந்தது என்று தெரியாமலே.

இந்த முறை எங்களை முந்திக்கொண்டு ஒரு சிரிப்பு.
சமையலறைக் கதவருகே, சூப் கிண்ணங்களோடு,
வந்து ஐந்து வாரமே ஆன யாகொடா.
போலந்துப் பெண்.
உப்பு, சூடு, மன்னிக்கவும்
இந்த மூன்றைத் தாண்டி எங்கள் மொழி
அவளிடம் இன்னும் போய்ச் சேரவில்லை.
கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுத்தன;
பாட்டில் விட்ட இடத்தை அவைதான் நிரப்பின.

என்ன புரிந்தது என்று பிறகு கேட்டேன்.
ஏப்ரனில் கை துடைத்தபடி யோசித்தாள்.
மாமா. கல்யாணம். எதிரே பாதிரியார்.
அவ்வளவுதான் சொன்னாள். மீதிக்கு
முகத்தை மெல்லத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள்,
சாவிக்கொத்தை விழுங்கிவிட்டு
எல்லோரோடும் சேர்ந்து தேடுகிறவனைப் போல.

அந்த முகத்தை எனக்குத் தெரியும்.
எங்கள் கொடியில் தைத்திருக்கிறோம்,
ஆனால் நூலில் இவ்வளவு சரியாக வந்ததில்லை.

ஸ்பார்கோ இன்னும் மீன் என்கிறார்.
நான் குறிப்பேட்டை மூடுவதற்கு முன் எழுதினேன்:
ஒன்பதாவது பாட்டு, வழக்கம்போல்.
சிரிப்பு, முன்கூட்டியே வந்தது.
சுவரில் ஓதம், அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
சூப்பில் உப்பே இல்லை.