புள்ளி வைத்த கல்

முதல் முறை
பதினொரு கற்களை ஜாம் போத்தலொன்றில் போட்டுத் தந்தார்கள்.
சண்முகதாசன் அதை ரீவிக்குப் பக்கத்தில் வைத்து
பார்க்க வந்த எல்லோருக்கும் குலுக்கிக் காட்டினார்,
தானே பெற்ற மாதிரி.

இரண்டு மாதம் சுகம்.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மட்டக்குளி பஸ்ஸில்,
கொட்டாஞ்சேனைச் சந்தி தாண்டுகையில்
வலது விலாவின் கீழே பழைய ஆள் வந்து குந்தினான்.
அதே கை. அதே முறுக்கு. தோள்மூட்டு வரை.

பித்தப்பையே இல்லையே, என்றார்கள்.
இடித்த வீட்டில் வாடகைக்கு யார் இருப்பான்?
வாயு, என்றது மருந்துக்கடை.
மனசு, என்றார் மூவாயிரம் ரூபாய் வாங்கிய ஒருவர்.
மச்சாள் வசந்தகௌரி, "களவாய் ரோல்ஸ் தின்னுறாய்" என்றாள்.
அவித்த மரவள்ளியும் உப்பும் தின்று
ஒன்றரை வருஷம்
நானும் என்னைச் சந்தேகப்பட்டேன்.

பெரியாஸ்பத்திரியில்
மெலிந்த ஒரு டொக்டர் பிள்ளை
ஸ்கான் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
பேனை முனையால் தொட்டாள்:
வெட்டிய குழாயின் மிச்சம், அரை விரல் நீளம்.
அதற்குள் ஒன்று.
அழுதேன். பயமென்று நினைத்துத் தண்ணீர் தந்தாள்.
பொய்க்காரி அல்ல என்று
யாரோ கையெழுத்திட்டுத் தந்த மாதிரி இருந்தது எனக்கு.

விடிய நாலு மணி, வாட்டுக்கு வெளியே மழை.
பக்கத்துக் கட்டில் மாளிகாவத்தை உம்மா
தனக்கு ஓதியதில் பாதியை என் பக்கமாய் ஊதினார்.
மிஸ்ஸி என் பழைய தழும்புகளை எண்ணினாள், நாலு.
"ரிதெனவத?"
"ஓவ்" என்றேன். நோவுக்கு அவ்வளவு சிங்களம் காணும்.
கல்லை அவள் "கல" என்றாள்.
புள்ளி ஒன்றுதான் குறைகிறது.
அந்தப் புள்ளி என்னிடம் இருக்கிறது, எடுக்கத்தான் வந்தேன்.

தியேட்டர் குளிர்.
எந்தப் பாஷையிலும் எண்ணலாம் என்றார் முகமூடிக்காரர்.
ஆறோ ஏழோ.

இந்த முறை ஒன்றும் கையில் தரவில்லை.
மிளகளவு, சோதனைக்குப் போய்விட்டது, என்றார்கள்.
சண்முகதாசன் கொண்டுவந்த வெறும் போத்தலைப்
பைக்குள் திரும்ப வைத்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம்
பதினொன்றையும் கானில் கொட்டி, போத்தலைச் சுடுதண்ணீரில் கழுவி,
கடுகு போட்டேன்.
முட்டை ஒன்று பொரித்தேன். பாதி தின்றேன்.
மீதிப் பாதி கோப்பையில் ஆறுகிறது.
விலாவின் கீழே கையை வைத்தபடி
காத்திருக்கிறேன், பத்து நிமிஷம்,
இருபது,
தெருவில் மீன்காரன் கூவிப் போகிறான்.