ஒப்பீட்டுக்கு ஒன்று

வேலூர்க் கல்லூரி வேலியில் ஏறிக் கிடக்கிறது சங்குப்பூ.
காம்பு கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து,
வடிதாளை அதில் நனைத்து நிழலில் உலர்த்தினால்
நீலத்தைத்
தபால்தலை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

செய்முறை இவ்வளவுதான்.
புளித்தால் ஊதா. அழுகினால் பச்சை.
தயிர்சோறு ஒரு பக்கம் போகும், மீன் மறுபக்கம் போகும்.
கெடுவதற்கும் இரண்டு திசை உண்டென்று
பதினோரு வருஷம் குப்பி கழுவிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆராய்ச்சி ஹபீபா மேடத்துடையது.
ஓரம் சரியாக வராத துண்டுகள் மட்டும் என்னுடையவை.
ஆறேகால் பஸ்ஸில், பர்ஸுக்குள்,
ரேஷன் கார்டுக்கும் மாத்திரைச் சீட்டுக்கும் நடுவே
பேரணாம்பட்டு வரை வரும்.

எங்கள் ஊரில் மூக்கை நம்பிச் சோறு தின்ன முடியாது.
வெளியூர்க்காரர் பஸ்ஸைவிட்டு இறங்கிக்
கர்சீப் எடுக்கும்போதுதான்
நாற்றம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு ஞாபகம் வரும்.

என் வீட்டுக்காரர் தேவநேசனுக்குத்
தோல் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில், பத்தொன்பது வருஷம்.
மண்ணெண்ணெய், மல்லி, குளித்துவிட்டு வந்த பிள்ளையின் தலை
எல்லாம் அவருக்கு ஒரே காற்று.
போன ஆடியில் நான் குடியாத்தத்தில் தங்கச்சி வீட்டில்.
இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை.
முந்தாநாள் கறிக்குழம்பை ஊற்றித் தின்றுவிட்டு
"உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்றாராம் போனில்.
மறுநாள் ஆஸ்பத்திரியில் நாலு பாட்டில் ஏற்றினார்கள்.

அதிலிருந்து
தூக்கு மூடியின் உள்பக்கம் ஒரு நீலம் ஒட்டி அனுப்பினேன்.
"சோத்துக்குப் பொட்டு வெச்சு அனுப்பறியா?"
முதல் வாரம் வெட்கம்.
மறுவாரம் "ஏகவள்ளிக்கு ஒண்ணு, ஜான்பாஷாவுக்கு ஒண்ணு."
அப்புறம் ஆறு தூக்கு.
மூடி திறந்ததும்
ஆறு பேரும் கண்ணால் மோந்து பார்த்துவிட்டுத்தான்
கையைக் கழுவப் போனார்கள்.

ஒரு புதன்கிழமை
ஆறு மூடியும் பச்சை.
விடிகாலை வடித்த சோறு, விடிகாலை வைத்த சாம்பார்.
அஞ்சு பேர் நாய்க்குக் கொட்டினார்கள்.
ஏகவள்ளி மட்டும் பசி தாங்காமல் தின்றாள்;
ஒன்றும் ஆகவில்லை.
"உன் பொண்டாட்டி காகிதம் பொய் சொல்லுதுப்பா."

பொய்யா என்று பார்க்க வேண்டாமா?
மேடம் சொல்லித்தந்த மாதிரியே வைத்தேன்.
இறுக மூடிய டப்பாவில்
அன்று வாங்கிய சங்கரா மீன் ஒரு துண்டு, மேலே ஒரு நீலம்.
பக்கத்தில், எதையும் தொடாமல்,
ஜன்னலோர ஆணியில் ஒப்பீட்டுக்கு ஒன்று.
அது மாறக் கூடாது.
மாறாமல் இருப்பதுதான் அதற்கு வேலை.

காலையில் மீன் மேலே நீலம்.
ஆணியில் பச்சை.

தோலில் ஏறிய சுண்ணாம்பை இறக்கும் டிரம்
புதன்கிழமைதான் சுற்றும்.
அமோனியா எழும்பும் என்று எனக்குத் தெரியும்.
அந்தப் பாட்டிலைத் திறக்கும்போது
மாணவிகளுக்கு மாஸ்க் எடுத்துக் கொடுப்பவள் நான்.

மேடம் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்கள்.
"கன்ட்ரோல் கெட்டுப்போயிருக்கு.
இந்த டேட்டா செல்லாது.
இங்கேயே திரும்பச் செய்யலாம், இங்கே காற்று நல்லா இருக்கு."
சொல்லிவிட்டு, பேனா மூடியைக் கழற்றி,
திரும்ப மூடி,
"நீ எந்தத் தெரு?" என்று கேட்டார்கள்.
ஏழு வருஷத்தில் முதல் தடவை.

மீனை அன்றைக்கே வறுத்துத் தின்றோம்.
ஆணியை நான் பிடுங்கவில்லை.
ராத்திரி அவர் சட்டையை மாட்டப்போனவர்
துண்டைக் கவனித்தார்.
"இது எந்தச் சாப்பாட்டுக்கு?"
நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

கழற்றி எடுத்து, மூக்கருகே கொண்டுபோய்,
நெஞ்சு நிறைய ஒரு தரம் இழுத்தார்.

"நல்லாத்தானே இருக்கு."