பேசும் மொழிகள்

ரோலாவில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே
ஒரு பிள்ளைக்கான ஐம்பது நிமிடத்தில்
பதினொன்று கரைந்துவிடுகிறது.
லிஃப்ட் நான்காம் மாடியோடு நின்றுகொள்ளும்.
மிச்ச இரண்டு மாடிக்கும்
துணிப்பையில் ஒரு குடும்பத்தைச் சுமக்கிறேன்:
மர அப்பா, மர அம்மா,
கால் உடைந்த மரப் பிள்ளை.

கதவைத் திறந்தவள் முதலில் பார்த்தது
என் கழுத்து அட்டையை.
'அதக் கழட்டிருங்க மேடம்,
ஆறு குடும்பம் இருக்குத வீடு.'
கழற்றினேன்.
'பைத்தியம்னு எழுதிராதீங்க.'
எழுதமாட்டேன்.
'எழுதுனா ஸ்கூல்ல சீட்டு போயிருமா? விசா?'
அதற்கு என்னிடம் பதில் இருந்தது.
சொல்லும்போது என் குரலே அதை நம்பவில்லை.

ஹால் என்று கட்டிய இடத்தில் இப்போது மூன்று அறை.
நடுவில் ஜிப்சம் பலகை,
மேலே ஒரு சாண் சந்து,
ஒரே ஏசி எல்லாருக்கும்.
செலின் ரூபாவின் பங்கில் ஜன்னல் உண்டு,
அதற்கு இருநூறு திர்ஹாம் கூடுதல்.
ஜன்னலில் தெரிவது
அடுத்த கட்டடத்தின் ஜன்னல்.

அஜினுக்கு ஏழு வயது.
பள்ளியில் பதினான்கு மாதமாய் ஒரு சொல் இல்லை.
இப்போது வீட்டிலும் இல்லை.
காதைச் சோதித்தாயிற்று, நாக்கைப் பார்த்தாயிற்று,
குளச்சலிலிருந்து ஜெபித்த எண்ணெய்
யாருடைய பெட்டியிலோ வந்து சேர்ந்தாயிற்று.
ஃபுஜைராவில் இழுவைக் கப்பலில் இருக்கும் அப்பா
வெள்ளிதோறும் வீடியோவில்
'பேசுல மக்கா' என்பார்.
சிக்னல் போய்ப் படம் உறைந்துவிடும்,
வாய் திறந்தபடி.

மரக் குடும்பத்தைத் தரையில் நிறுத்தினேன்.
அவன் ஒவ்வொருவராய் எடுத்து
கட்டிலுக்கடியில் படுக்க வைத்தான்.
பிறகு என்னைப் பார்த்து
உதட்டில் விரல் வைத்தான்.

எப்போதிருந்து, என்றேன்.
அவள் பலகையைக் காட்டினாள்.
குரல் தானாகத் தணிந்தது.
அந்தப் பக்கம் தில் பகதூர், நேபாளி,
பேக்கரியில் ராத்திரி வேலை,
பகலெல்லாம் உறக்கம்.
'நாந்தான் சொன்னேன், மெல்லப் பேசு, மெல்லப் பேசுன்னு.
நல்ல மனுசன், ஒருநாளும் சத்தம் போட்டதில்ல,
அதனாலயே பயம்.
காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போவ?'
அழுவாள் என்று கைக்குட்டையைத் தொட்டேன்.
'அஞ்சு மணிக்கு அடுப்பு என் முறை'
என்று எழுந்து போனாள்.

என் படிவத்தில் ஒரு கட்டம்:
பேசும் மொழிகள்.
காலியாக விட்டால் கணினி ஏற்காது.
பேனா அதன்மேல் நின்றுகொண்டிருந்தபோது
பலகையின் அந்தப் பக்கமிருந்து
டொக். டொக்டொக்.

அஜின் நிமிரவில்லை.
மர அப்பாவை எடுத்து
அவர் தலையால் இரண்டு தட்டினான்.
அங்கே ஒரு கொட்டாவி, கட்டிலின் முனகல்,
மறுபடி மூன்று.
இவன் ஒன்று. வெகுநேரம் கழித்து
இன்னொன்று.

மேலே அந்த ஒரு சாண் சந்தில்
ஒரு கை வந்தது, அடுப்புத் தழும்புகளோடு,
காகிதத்தில் சுற்றிய பன்னோடு.
பையன் தலையணைமேல் ஏறி வாங்கினான்.
பிய்த்துப் பெரிய பாதியை
எனக்குக் கொடுத்தான்.
ஏலக்காய் வாசனை.

நான் படித்ததில் அவன் மௌனத்துக்கு ஒரு பெயர் உண்டு.
இந்தச் சத்தத்துக்கு இல்லை.
துணிந்து நானும் பலகையில் தட்டிப் பார்த்தேன்.
ஏதோ தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும்,
அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது.
இந்தப் பக்கம் சத்தமில்லை,
சின்னத் தோள்கள் இரண்டு மட்டும் குலுங்கின.

கரண்டியோடு வாசலில் நின்றாள் செலின்.
எவ்வளவு நேரமாய் நின்றாளோ.
'இதுதானா' என்றாள்,
'எலின்னு நெனச்சேன் மேடம்.
பசை அட்டை வாங்கி வச்சிருக்கேன்
பலகைக்கு அடியில.'

குனிந்து அதை உருவி எடுத்தாள்.
அதில் ஒட்டியிருந்தது
ஒரு பொத்தானும் கொஞ்சம் பன் துகளும்.

இரவு பத்தரை, அஜ்மான்.
மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன்.
அந்த ஒன்று மட்டும் சிவப்பாக
என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
மேசையில் விரலால்
மெல்லத் தட்டுகிறேன்,
பக்கத்து அறையில் என் மகள்
தூங்குகிறாள்.