பிறகு நினைவூட்டு

அந்த எழுத்தை உங்களுக்கு எப்படிச் சொல்ல?
'கதவு' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள்.
நடுவில் நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும்
ஒரு மூச்சு விடுகிறதே,
அது.
எழுதினால் ð.
கழுத்தில் ஒரு வெட்டு வாங்கிய சின்ன எழுத்து.

சிக்லுஃப்யோர்துர் துறைமுக அலுவலகத்தில்
ஜனவரி முதல் வாரத்திலிருந்து
அதைத் தட்டினால் மென்பொருள் செத்துப்போகிறது.
திரை ஒருமுறை வெளிறும்.
பிறகு மன்னிப்பு.
பிறகு யாரோ எடுத்த பச்சை மலைப் படம்.

ரொட்டியில் அந்த எழுத்து உண்டு.
வானிலையில் உண்டு, கடவுளில் உண்டு, சாவில் உண்டு.
ஊர்ப் பெயரின் வாலிலேயே உண்டு.
மீனில் இல்லை, உப்பில் இல்லை என்பதால் மட்டும்
மூன்று வாரம் ஓட்டிவிட்டாள் ரக்ன்ஹெய்துர்.
தன் பெயரைக்கூட வெட்டில்லாத d போட்டு
விண்ணப்பத்தில் அடித்தாள்.
ஓய்வூதிய அலுவலகம் திருப்பி அனுப்பியது:
அப்படி ஒருவர் பதிவில் இல்லை.

இன்று எய்விந்துர் வந்து நிற்கிறான்.
நாலரை டன் காட் மீன், ஐஸில்.
நாலு மணிக்குள் எடைச் சான்று போகாவிட்டால்
லாரி கிளம்பாது.
கையுறையைக் கழற்றாமல் கவுண்டரில் சாய்ந்து
"ஒரு எழுத்துக்கா?" என்கிறான்.
"ஒரு எழுத்துக்குத்தான்."

ஆகுரேரியிலிருந்து தொலைபேசியில் பெர்க்டீஸ்.
குரலில் சூயிங்கம்.
எழுத்துரு புதுசு, சிஸ்டம் பழசு,
ரெண்டும் பேசிக்கொள்ளவில்லை என்றாள்.
"கீழே வலது மூலையில் ஆரஞ்சுப் புள்ளி தெரிகிறதா?"
தெரிகிறது. அக்டோபரிலிருந்தே தெரிகிறது.
"அதை என்ன செய்தீர்கள்?"

ரக்ன்ஹெய்துர் சுவரைப் பார்த்தாள்.
பிறகு நினைவூட்டு.
பல் மருத்துவர், குளிர்கால டயர், ரேய்க்யவிக்கில் தங்கை,
எல்லாவற்றுக்கும் அவள் அழுத்துவது
அந்த ஒரு பொத்தானைத்தான்.

அப்டேட் இறங்கியது. நிறுவுகிறது.
அணைக்காதீர்கள்.
இருபத்தேழு சதவீதத்தில் உட்கார்ந்துகொண்டது,
பனியில் டயர் புதைந்த வண்டி.
எய்விந்துர் நாட்காட்டியைத் திருப்பிப் போட்டு
படகின் பெயர், ஊர்ப் பெயர், பெட்டி பெட்டியாய் எடை
என்று கையால் எழுத ஆரம்பித்தான்.
பென்சில் எந்த எழுத்திலும் நின்றுபோகவில்லை.
மேலாளர் சோல்வி இரண்டு முறை எட்டிப் பார்த்தார்,
எதுவும் கேட்காமல் போனார்.
எழுபத்தொன்று.
கறுப்புத் திரை. மறுபடி கறுப்பு.

மூன்று நாற்பதுக்கு உயிர் வந்தது.
ஈரச் சுவரில் சுவிட்சைத் தொடுவதுபோல
ஒற்றை விரலால் தட்டினாள்.

ð

நின்றது.
இன்னொன்று. இன்னும் ஐந்து.
வரி முழுக்க நிரப்பினாள்.
"போதும், மீன் நாறப்போகுது" என்றான் எய்விந்துர்.
சான்று போனது. லாரி போனது.

அதன் பிறகுதான் இடது ஓரத்தைப் பார்த்தாள்.
மீட்கப்பட்ட கோப்புகள், பதினான்கு.
பதினொன்று அவளுடையவை,
எல்லாம் பாதி வார்த்தையில் மாண்டவை.
மூன்று அவளுடையவை அல்ல.
ஜனவரி ஒன்பது, இரவு 9.12. 9.15. 9.31.
பிரிண்டர் இந்த அறையில்தான்,
சோல்வி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.
மூன்றிலும் ஒரே வரி:

அன்புள்ள ரக்ன்ஹெய்

அவ்வளவுதான்.
மூன்று தரமும் அங்கேயே செத்திருக்கிறது.
நாலாவது தரம் அவர் முயலவில்லை.

வேலையை விட்டு அனுப்பும் கடிதமும்
இப்படித்தான் தொடங்கும்.
மற்றதும்.

சேமிக்கவா, நீக்கவா என்று கேட்டது திரை.
'பிறகு' என்றொரு பொத்தான் அதில் இல்லை.
கடைசிக் கோப்பைத் திறந்தாள்.
அவர் விட்ட இடத்திலிருந்து
மூன்று எழுத்துத் தட்டினாள்,
ஒரு காற்புள்ளி வைத்தாள்,
திரையை அணைக்காமல்
காபி போட எழுந்து போனாள்.