பச்சைத் துண்டுகள் பதினாறு

கடையில் எந்தப் பட்டையைத் திருப்பினாலும்
கடைசி வரி ஒன்றுதான்:
'நிலக்கடலையின் சுவடு இருக்கக்கூடும்.'
கூடும்.
அந்த ஒரு சொல்லைப் படிக்காமல் விட்டதால்
போன மார்ச்சில் ஆம்புலன்ஸில் போனான் ஒன்னி.
உதடு வீங்கி, கண் இடுங்கி,
என் கட்டைவிரலை மட்டும் விடாமல்.

இந்த வெள்ளிக்கிழமை என் முறை.
தண்டர் பேயில் மைனஸ் இருபத்தேழு.
பனி வாரும் லாரியை யார்டில் விட்டுவிட்டு
பூட்ஸைக் கழற்றுமுன்னே ஓவனைத் திருகினேன்.

ஓட்ஸ் மூன்று கப்.
வறுபடும்போது முதலில் ஈரநாய் வாசம்,
பொறுத்திருந்தால் பிஸ்கட் வாசம்.
தேன், லெஸ்டர் கொடுத்தது.
கோடையில் தேனீ வளர்ப்பான்,
குளிரில் என்னோடு ரோட்டில் மணல் தூவுவான்.
ஜாடிக்குள் கல்லாய் இறுகிக் கிடந்ததை
வெந்நீரில் உட்காரவைத்து இளக்கினேன்.
கிரான்பெரியை ஒவ்வொன்றாய் இரண்டாக நறுக்கினேன்;
முழுசாக அகப்பட்டால் துப்பிவிடுவான்.
கடலை வெண்ணெய்க்குப் பதில்
சூரியகாந்தி விதை வெண்ணெய்,
நிறத்திலும் பிடிவாதத்திலும் சிமெண்ட்.
அப்புறம் ஒரு சிட்டிகை சமையல் சோடா.
எந்தக் குறிப்பும் அதைக் கேட்கவில்லை.
நானாகத்தான் போட்டேன்,
கொஞ்சம் உப்பி வரட்டுமே என்று.

தட்டில் கொட்டி அழுத்த வேண்டும்.
உள்ளங்கை போதாது.
பீர்க் குவளையின் அடியால்
மூலை மூலையாக அழுத்தினேன்.
ரோட்டில் பனி இப்படி இறுகிவிடக் கூடாதென்றுதான்
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

சூட்டோடு வெட்டினால் தூள்.
போன தடவை அதுதான் நடந்தது;
கிண்ணத்தில் அள்ளிப் பாலை ஊற்றி
காலை உணவு என்று பெயரை மாற்றிவிட்டேன்.
இந்த முறை வெந்து வந்ததும் தட்டை மூடி
கராஜில் வைத்தேன், விடியும்வரை.

விடிந்தது. கத்தியை இறக்கினேன்.
உள்ளே பச்சை.
ஏரிப் பாறையில் படரும் பாசியின் பச்சை.

டப்பாக்களின் தேதியையெல்லாம் பார்த்தேன்.
மோந்தேன். நக்கினேன்.
காலை ஏழு மணிக்கு
கொலீனுக்குப் போன் போட்டேன்.
அந்தப் பக்கம் ஒரு மௌனம்,
பதினோரு வருஷம் குடித்தனம் நடத்திய மௌனம்.
"சோடா போட்டியா, ஆர்வோ?"
"ஒரு சிட்டிகை."
"சூரியகாந்தியோடு சேர்ந்தால் பச்சையாகும்.
விஷமில்லை. சாப்பிடலாம்."
பிறகு, "ரெண்டும் சேர்ந்தால் அப்படித்தான்" என்றாள்.
இருவரும் சிரித்தோம்.
நான் ஒரு நொடி தாமதமாக.

ஒற்றைக் காலுறையோடு வந்தான் அவன்.
பார்த்தான். "டைனோசர் சாணி" என்றான், மரியாதையோடு.
கையை நீட்டினான், பின்னுக்கு இழுத்தான்,
கற்றுக்கொடுத்தபடி கேட்டான்:
"இதில் கடலை இருக்கா?"
"இல்லை."
"இருக்கக்கூடுமா?"

ஓட்ஸ் பை தெரியும். தேன் பெட்டி தெரியும்.
குவளையை மூன்று தடவை கழுவியது நான்தான்.
"இருக்கவே இருக்காது" என்றேன்.
எந்தக் கம்பெனியும் எனக்கு
அந்த வாக்கியத்தை விற்றதில்லை.

மூன்று தின்றான்.
சோபா இடுக்கில் ஒன்றரை.
மிச்சத்தை ஞாயிறு சாயங்காலம்
அம்மாவின் காருக்குத் தூக்கிப்போனான்,
வகுப்பில் காட்டி எல்லோரையும் பயமுறுத்த.

திங்கள், விடிகாலை நாலு மணி.
நெடுஞ்சாலையில் என் விளக்கும் என் கத்தியும்தான்.
கையுறைக்காகக் கோட்டுப் பையைத் துழாவினால்
வெண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு துண்டு.
மேலே க்ரேயானில், கோணலாக: 'லாரிக்கு'.

கடித்தேன். பல் அதிர்ந்தது.
ஹீட்டர் துவாரத்தின்மேல் வைத்தேன்.
பிளேடு தாரை உரசிக்கொண்டே வருகிறது.
கண்ணாடியில் தேன் வாசம் ஆவியாய்ப் படிகிறது.
பத்து கிலோமீட்டர் போய்விட்டது.
விரலால் தொட்டுப் பார்க்கிறேன்.
ஓரம் மட்டும் இளகியிருக்கிறது.