மனிசிக்கு

எல்லாரும் முதலில் மனிசிக்கென்றுதான் கேட்பார்கள்.
கலியாணம் முடிக்காதவன் தங்கச்சிக்கு.
தங்கச்சியும் இல்லாத பொடியன் ஒருவன்
மூதூர் பஸ்ஸால் இறங்கி வந்தவன்,
கொஞ்சம் யோசித்து
"பக்கத்து வீட்டு அக்காவுக்கு" என்றான்.

"அவவின்ர நிறம் என்ன?" என்பேன்.
கையை நீட்டுவார்கள்.
"கிட்டத்தட்ட இப்பிடி."
மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு வைத்து
நான் தேய்த்து முடிக்கும்வரை
கண் கடைவாசலில் நிற்கும்,
தெரிந்த மோட்டார் சைக்கிள் ஏதும்
மத்திய வீதியால் போகிறதா என்று.

பதினொரு வருடம் இந்தக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்கிறேன்.
பவுடர் டின்னை எவரும் ஒளித்து வாங்கியதில்லை.
கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாய்
கோயில் தேருக்கும் பதிவுத் திருமணத்துக்கும் போன ஆம்பிளைகளை
இந்த ஊர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
தெரியாமல் பூசத் தொடங்கினால்தான்
ஊருக்குத் தெரிகிறது.

வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர்
மாதக் கடைசியில் வருவார், கண்ணுக்குக் கீழ்க் கறுப்புக்கு.
"சேர் சுகமில்லையோ எண்டு கேக்கினம் பிள்ளை,
கடன் கேட்டு வந்தவையே கேக்கினம்."
உப்புவெளி ஹோட்டலில் வரவேற்பில் நிற்கும் நிஃப்ராசுக்கு
புருவம் மட்டும்.
கடற்படைப் பொடியன் ஒருவன் சிங்களத்தில்
"எனக்கு" என்றான்.
அவ்வளவுதான். எனக்கு.
அன்றைக்கு வெட்கப்பட்டது நான்.

வாகீசன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, கடை பூட்டுகிற நேரம்.
சீனன்குடா மா ஆலையில் வேலை.
முகம் கழுவித்தான் வந்திருந்தான்,
ஆனாலும் இமைமயிரில் மா,
காதுமடல் மடிப்பில் மா.
"மனிசிக்கு" என்றான்.
நான் வழக்கம்போல் மூன்று போத்தலை எடுத்து வைத்தேன்.
மூன்றும் வெளிறல். கொழும்பிலிருந்து வருவது அப்படித்தான்;
ஒன்றின் பெயர் மணல்.
யாருடைய மணலோ.
நிலாவெளியில் மத்தியானம் கண்கூச நிற்கிற மணல் அது,
அதை மிதித்து நடக்கிற காலின் நிறம்
எந்தப் பெட்டியிலும் இல்லை.

அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.
பிறகு மெல்ல,
"எட்டு மணித்தியாலம் வெள்ளையாத்தான் நிக்கிறன் அக்கா.
மிச்ச நேரத்துக்கு
என்ர நிறத்தில ஏதும் இருக்கா?"

அடித்தட்டில் கிடந்தது ஒன்பதாம் நம்பர், ஒரே ஒரு போத்தல்,
திகதி முடிய ஐந்து மாதம்.
அது அவனைவிடக் கொஞ்சம் கருமை.
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
ஒன்பதில் இரண்டு சொட்டு, ஆறில் ஒரு சொட்டு,
சுண்டுவிரலால் குழைத்தேன்.
கன்னத்தில் என்ன அடையாளம் என்று நான் கேட்கவில்லை.
"பரு" என்றான்.
பரு என்றே வைத்துக்கொண்டேன்.

கண்ணாடி முன் அவன் நின்றது அதிகநேரம்.
வெளியே ஒரு கொம்பன் மான்
நான் எறிந்த அட்டைப்பெட்டியை மென்றபடி
உள்ளே பார்த்தது, கண்ணோரம் தடித்த மையோடு.
"தெரியுதா?"
"என்ன?"
"பூசினது."
"இல்லை."
"அப்ப சரி."
இரண்டு போத்தலுக்கும் காசை எண்ணி வைத்தான்.
நோட்டிலும் கொஞ்சம் மா இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு பெண்பிள்ளை,
இடுப்பில் குழந்தை, கையில் ஒரு வெற்றுப் பில்.
பின்பக்கத்தில் காய்ந்துபோன மண்ணிறத் தடம்.
"இந்தக் கலர் ஒண்டு வேணும்."
"ஆருக்கு?"
"எனக்குத்தான்.
அவர் தன்ரயைத் தொட விடுறாரில்லை."

சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.
அவளும்தான்.
போத்தல் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு
கொழும்புக்கு அழைத்தேன்.
ஒன்பது, இரண்டு டசின்.
"ஒன்பதா?" என்று மறுபடி கேட்டார்கள்.
"பெண்டுகளுக்கோ?"

"எழுதுங்கோ" என்றேன்.