மூன்றாம் வேலைநாள்

மாதம் முடிந்த மூன்றாம் வேலைநாள்.
விச்சிட்டா நகரில் ஐந்தாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே காலையிலேயே அனல்,
கோதுமைத் தூசு படிந்த வெளிச்சம்.
உள்ளே நான்
ஜூனைப் பதினொரு வரியாக மடித்துக்கொண்டிருக்கிறேன்.

பெருநிறுவனப் பங்குகள் இரண்டே கால் மேலே.
சிறுநிறுவனங்கள் அரைக்கால் கீழே.
அரசுக் கடன்பத்திரம்
நிழல் கண்ட மாடுபோல் படுத்துவிட்டது.
தங்கம் முக்கால்.
வெளிநாட்டுப் பங்குகள் நன்றாகத்தான் வந்தன,
வாசலில் டாலர் குறுக்கே நின்றது.

நட்டத்துக்குக் கழித்தல் குறி போடுவதில்லை
எங்கள் அலுவலகத்தில்.
அடைப்புக்குறிக்குள் வைப்போம்,
கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை
இரண்டு உள்ளங்கைக்குள் பொத்துவதுபோல.

கடைசி மூன்று வரி மாற்று நிதிகளுக்கு.
ஒன்று, வாங்கியும் விற்றும் சமன் செய்வது:
சந்தை ஏறினாலும் கவலையில்லை, இறங்கினாலும் கவலையில்லை,
எட்டு மாதமாக ஒன்றுமே இல்லை.
இன்னொன்று, இணையப்போகும் கம்பெனிகளின்
நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே
காசு பார்ப்பது.
மூன்றாவது, போக்கின் பின்னால் போவது.
விழுவதை விற்கும், எழுவதை வாங்கும்,
ஏன் என்று கேட்காது.
ஜூனில் அதற்குத்தான் முதலிடம்: நாலே முக்கால்.

ஒன்பது அடிக்கும்முன் தொலைபேசி.
மவுண்ட்ரிட்ஜிலிருந்து ஆர்வல் ஷ்ராக்.
கூட்டுறவுத் தானியக் கிடங்கில்
முப்பத்தொரு வருடம் லாரிகளை எடை போட்டவர்.
பட்டியல் தபாலில் வரும்வரை பொறுக்கமாட்டார்.
"டெனீஸ், கடைசி வரி என்ன ஆச்சு?"
"நாலே முக்கால். மேலே."
வழக்கமாக 'ஹா' என்பார். இன்று இல்லை.
"எதிலிருந்து?"

ஆறு வருடமாக இந்தப் பட்டியலைப் போடுகிறேன்.
எவ்வளவு என்று கேட்காதவர் இல்லை.
மாற்று என்று பேர் வைத்ததை
உரைத்துப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

இணைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.
கச்சா எண்ணெய் கொஞ்சம், யென் கொஞ்சம்.
பாதிக்கு மேல் கோதுமை.
மே இருபதிலிருந்தே விற்று வைத்திருந்தார்கள்.
அப்புறம் புஷலுக்கு எழுபது சென்ட் விழுந்தது.

"தெரியும். இங்கேதான் விழுந்தது" என்றார்.
அவருக்குப் பின்னால் ஏதோ லாரி
பின்னோக்கி வரும் பீப் பீப்.
மகள் லீட்டாவும் மருமகனும்
நேற்று ராத்திரிதான் அறுவடை மெஷினை நிறுத்தினார்களாம்.
அறுநூறு ஏக்கர், ஏக்கருக்கு நாற்பது.
நல்ல விளைச்சல்.
எல்லோருக்கும் நல்ல விளைச்சல். அதுதான்.

காகிதத்தில் பென்சில் ஓடுவது கேட்டது.
"எனக்கு வந்தது ஆயிரத்து நூற்று நாற்பது.
அவளுக்குப் போனது பதினாறாயிரத்து எண்ணூறு."
கிடங்கு வாசலில் சீட்டு எழுதிய அதே குரல்,
ஒரு பக்கமும் சாயாத குரல்.

"எடுத்துவிடட்டுமா அதை?"
யோசனை சொல்ல எனக்கு உரிமம் இல்லை.
கடந்த காலப் பலன் வருங்காலத்துக்கு, என்று தொடங்கினேன்.
"உத்தரவாதமல்ல" என்று அவரே முடித்தார்.
கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
பீப் சத்தமும் நின்றிருந்தது.

"இருக்கட்டும்" என்றார்.
"இந்தக் குடும்பத்தில் ஒருத்தனாவது
மே மாதமே விற்றிருக்கிறான்."
சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.
லீட்டாவிடம் சொல்லவேண்டாம் என்றார்,
நான் அவளைப் பார்த்ததே இல்லை.

விளக்கவுரைக்கு இரண்டு வரி இடம் உண்டு.
'விவசாயப் பொருட்களில் எடுத்த விற்பனை நிலைகள்
பலன் தந்தன' என்று எழுதியிருந்தேன்.
விவசாயப் பொருட்களை அடித்துவிட்டு
கோதுமை என்று போட்டேன்.
பலன் தந்தன என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
வேறு சொல் கிடைக்கவில்லை.

பதினோரு மணிக்கு அச்சுக்குப் போகும்.
அதற்குள் மேலாளர் க்ளிண்ட்
கோதுமையைப் பழையபடி மாற்றிவிடுவார்.